ஏழாம் பாடத்தில் வந்த விருந்தாளி

ராஜபாளையம்,
1900, மாசி 14.

கண்ணியமிக்க மச்சான் ஜெய்னுலாப்தீன் அவர்களுக்கு, உங்கள் தங்கை நூர்னிசாவைக் கட்டிய அகமது கபீர் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நூர்னிசாவும் நாயும் சுகம். நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவர் சுகமா என்று கேட்க எனக்குப் பாஷை போதவில்லை.

பங்குனி ஐந்தாம் தேதி கொழும்பிலிருந்து மணிலாவுக்குக் கப்பல் ஏறுவதாகவும், அங்கே ஜவுளி விற்க ஸ்பானியப் பாஷை வேண்டும் என்றும், நாலு மாதமாய் அதைப் படிக்கும் நான் ஆரம்பக்காரருக்கு யோசனை சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மதுரைப் பத்திரிகைக்கு இருபத்தாறு வருஷமாகச் செய்தி அனுப்புகிறவன் நான். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எழுதும்போதே வரிக்கு வரி வாய்விட்டு வாசிப்பது என் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் யோசனை, புத்தகத்தைப் பலசரக்குக் கடையில் வாங்காதீர்கள். நான் காதர் கடையில், பொட்டலம் கட்டும் பழைய காகிதக் கட்டிலிருந்து என் புத்தகத்தை எடுத்தேன். முன்பாதியில் ஸ்பானியம், பின்பாதியில் அதற்கு இங்கிலீஷில் அர்த்தம். காதர் கடைசித் தாளிலிருந்து கிழித்துக்கொண்டே வந்ததால் அர்த்தம் முழுதும் பொட்டலமாய்ப் போய், பதின்மூன்று பாடத்தில் கடைசிப் பாடமும் போயிருந்தது. எழுத்துக்களின் ஒலியை மதுரையில் ஒரு பாதிரியாரிடம் கேட்டு வந்தேன். அர்த்தம் இல்லாததை நான் குறையாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நிகண்டையும் வாய்பாட்டையும் நாம் அப்படித்தானே படித்தோம்? முதலில் உருப்போடு, அர்த்தம் தானாய் வரும் என்றுதானே அடித்தார்கள்? ஆகவே தினமும் விளக்கு வைக்கும் நேரம், காற்றுக்காக வாசற்கதவைத் திறந்துவைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, பாடத்துக்கு இருபது தரம் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் அதைத் தமிழ் என்று நினைத்தார்கள். எதிர்வீட்டுத் தமிழர்கள் தெலுங்கு என்று நினைத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

ஏழாம் பாடம் எனக்கு வாய்க்கு இதமாக இருந்ததால் அதை மட்டும் நாற்பது நாள் சொன்னேன். நாற்பதாம் நாள், யாரைக் கண்டாலும் பாய்கிற நம் வெள்ளை நாய் வாசலைப் பார்த்து எழுந்து நின்றது. குரைக்கவில்லை. அதன் மூக்கு வாசற்படியிலிருந்து சாய்வு நாற்காலி வரை மெல்லத் திரும்பி, அங்கே நின்றது. நாற்காலித் துணி தொய்ந்தது. வீடு முழுக்கக் கடல் வாடை. இந்த ஊருக்குக் கடல் எம்புட்டுத் தூரம் என்று உங்களுக்கே தெரியும். பயத்தில் நான் பாடத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தாம் வரியில் என் உச்சரிப்பு தவறியது. நாற்காலியிலிருந்து ஒரு இருமல். பிறகு அந்தச் சொல்லை ஒரு குரல் சரியாக, நிதானமாக, இரண்டு தரம் சொன்னது. அன்று முதல் என் உச்சரிப்பு நன்றாகத் தேறிவிட்டது.

மறுவாரம் நூர்னிசா அடுக்களையில் வெகுநாளாய்க் கிடந்த ஒரு மல்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஏழு என்று எண் போட்ட தாள். அதையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, மாட்டுவண்டி பிடித்து, இங்கிலீஷ் தெரிந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு குமாஸ்தா முத்துராமலிங்கத்திடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தமிழில் வாசித்தார்: "உள்ளே வாருங்கள். கதவு திறந்திருக்கிறது. உங்களைத்தான் எதிர்பார்த்திருந்தோம். இது உங்கள் நாற்காலி. விரும்பும்வரை இருங்கள்."

"இதை எத்தன தரம் சொன்னிய?"

"எண்ணூறு."

"எட்டு வருசமா எங்கூடப் பேசாத எம் மாமனாரே எண்ணூறு தரம் கூப்பிட்டா வந்திருப்பாரு வே" என்றார். பிறகு புத்தகத்தின் முதல் தாளில் இங்கிலீஷிலும் இருந்த பாடங்களின் பெயர்களைப் பார்த்தார். பதின்மூன்று, விருந்தாளிக்கு விடை கொடுத்தல்.

காதரிடம் ஓடினேன். "புரட்டாசி சனிக்கு நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலை ஏறப் போனவகளுக்குப் பொரிகடலை கட்டிக் குடுத்துட்டேன் பாய். நல்ல கெட்டிக் காகிதம், ஒரு கடலை சிந்தல" என்றான்.

இப்ப விருந்தாளி வந்து பன்னிரண்டு நாளாச்சு. தமிழில் போகச் சொன்னேன், பக்கத்து வீட்டு ராஜுவைத் தெலுங்கில் சொல்லச் சொன்னேன், தெரிந்த துவாவெல்லாம் ஓதினேன். நான் ஓதி முடிக்கும்வரை மரியாதையாக ஆடாமல் இருந்துவிட்டு, பொறவு நாற்காலி ஆடுது. அவிய எழுந்து போற இடமெல்லாம் தரையில் ஈரக் கால்தடம், காஞ்சா உப்பு. வந்தவரைப் பட்டினி போடக் கூடாதுன்னு நூர்னிசா ஒரு தட்டு வைக்கிறா. செத்த நேரத்தில் சோறு அப்படியே இருக்கு, ஆனா ஆறிப்போய், உப்புக் கரிக்குது. "கூப்பிட்டது நீங்க, அனுப்புறதும் நீங்கதான். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலன்னா நான் எங்க வாப்பா வீட்டுக்குப் போறேன். பொறவு நீங்க ரெண்டு பேரும் பாடம் படிங்க"ன்னு பெட்டியைக் கட்டி வச்சிருக்கா. இருபது வருஷத்தில் அவள் பெட்டி கட்டியது இதுதான் முதல் தரம், மச்சான்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை ஒன்றுதான். ஸ்பானியம் படிக்காதீர்கள். படித்தே ஆகவேண்டுமானால் கடைசிப் பாடத்திலிருந்து தொடங்குங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. அந்தப் பாடம் உங்களிடம் இருந்தால் தந்தியில் அனுப்புங்கள்.

உங்கள் பயணத்தை ஆண்டவன் லேசாக்கட்டும். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
அகமது கபீர்

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். உறையில் உங்கள் விலாசத்தை எழுதும்போது வழக்கம்போல் வாய்விட்டு வாசித்தேன்: கொழும்பு, பள்ளிவாசலுக்கு எதிரே, பதினேழாம் நம்பர், மாடி வீடு. நாற்காலி ஆட்டத்தை நிறுத்தியது. மணிலாக் கப்பல் பற்றிய வரியையும் கேட்டிருப்பார் போலும். நாய் எழுந்து வாசல்வரை போய், வழியனுப்பியதுபோல் நின்று திரும்பியது. நாற்காலித் துணி காய்ந்துவிட்டது. நூர்னிசா பெட்டியை அவிழ்க்கிறாள். நீங்கள் தாராளமாக ஸ்பானியம் படிக்கலாம். நல்ல வாத்தியார், இருமினால் மட்டும் அந்த வரியைத் திரும்பச் சொல்லுங்கள். அவர் அங்கே வந்து சேர்வதற்குள் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருங்கள்.