பால் பாத்திரத்தைத் துலக்கும் திசை

எங்கள் அலுவலகக் கேன்டீனில் ஒரு நாள் பால் அடிப்பிடித்தது. உலக வரலாற்றில் இது முதல் முறை அல்ல. கேன்டீன் ஒப்பந்தத்தை எடுத்து நடத்தும் அக்கா, சோப்புத் தூளும் ஸ்டீல் நாருமாக உட்கார்ந்தால் அரை மணியில் தேநீர் வந்துவிடும். ஆனால் அன்று பார்த்துத்தான் எங்கள் இயக்குநர் 'இயற்கையோடு இயைந்த அலுவலகம்' என்ற பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். பயிற்சி நடந்தது குளிரூட்டிய மண்டபத்தில்.

"நிறுத்துங்கம்மா! என்ன பண்றீங்க?"

"பாத்திரம் தேய்க்கிறேன் சார்."

"ரசாயனத்தாலயா?"

"இல்ல சார், கையால."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. எவர்சில்வர் பாத்திரங்களை இனி இயற்கை முறையில் மட்டுமே துலக்க வேண்டும். எலுமிச்சம்பழம், வினிகர், சமையல் சோடா ஆகியவை அனுமதிக்கப்படுகின்றன. உலோகத்தின் மேல் மெல்லிய கோடுகளாகத் தெரியும் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

அக்கா பாதி எலுமிச்சம்பழத்தில் சோடாவைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது அலுவலகக் கண்காணிப்பாளருக்கு ஒரு மாபெரும் ஐயம் உதித்தது. வட்டப் பாத்திரத்தில் இழை சுற்றிக்கொண்டல்லவா ஓடுகிறது? அப்படியானால் தேய்ப்பது இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா?

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. கட்டடப் பொறியாளர் வலம் என்றார். துணை இயக்குநர் இடதுகைக்காரர், ஆகவே அறிவியல்பூர்வமாக இடம் என்றார். முடிவு தெரியும்வரை பாத்திரத்தைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

அங்கேதான் அக்காவுக்குச் சிக்கல். ஒரு வாரம் தேநீர் வழங்காவிட்டால் கேன்டீன் ஒப்பந்தம் ரத்து என்று விதி இருக்கிறது. விளக்கம் கேட்டு நோட்டீசும் வந்துவிட்டது. அவள் நேரே கண்காணிப்பாளரிடம் போனாள்.

"பாத்திரத்த வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்ச்சுட்டு வந்துடறேன் சார். அது என்னோடதுதானே?"

"பாத்திரம் உங்களோடதுதாம்மா. அழுக்கு அலுவலக வளாகத்துல ஆனது. வெளிய போகக்கூடாது."

"அப்ப வேற ஒண்ணு வாங்கிக்கறேன்."

"பழசு உதவாதுன்னு சான்று வேணும்."

"உதவலையே சார்!"

"தேய்ச்சா உதவுமே!"

அவள் எங்கள் பிரிவுக்கு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "நீங்கல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இத விட்டா எனக்கு வேற பிழைப்பு இல்ல" என்றாள். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. திங்கட்கிழமை கூட்டத்தில் இயக்குநரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக மேசையைத் தட்டிச் சபதம் செய்தோம்.

திங்கட்கிழமை வந்தது. அதற்குள் அலுவலகத்தில் இயற்கை முறை அலையடித்துவிட்டது. ஆளாளுக்கு எலுமிச்சை போட்டுத் துலக்கிய டிபன் பாக்ஸோடு வந்திருந்தார்கள். இயக்குநர் ஒவ்வொன்றிலும் தம் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

எங்களில் அதிகமாக மேசையைத் தட்டியவர் எழுந்தார். "சார், ஒரு சின்ன சந்தேகம். சதுர டிபன் பாக்ஸுக்கு எந்தத் திசை?"

அருமையான கேள்வி என்று பாராட்டி அதற்கும் ஒரு குழு போட்டார்கள். நாங்கள் கை தட்டினோம். அந்த வாரக் கடைசியில் ஒப்பந்தம் ரத்தானது. அழுக்கு வளாகத்தை விட்டு வெளியேறச் சிறப்பு அனுமதி கொடுத்து அக்காவைப் பாத்திரத்தோடு அனுப்பிவைத்தார்கள்.

இப்போது அவள் எங்கள் வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை போட்டிருக்கிறாள். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்த அதே பாத்திரத்தில்தான் பால் கொதிக்கிறது. குழுக்கள் இன்னும் கூடிக்கொண்டிருக்கின்றன. கூட்டத்துக்குத் தேநீர் எதிர்க்கடையிலிருந்துதான் போகிறது. இயக்குநர்கூட அங்கே நின்று குடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாங்கள் குடிப்பதை அவரும் பார்த்திருக்கிறார்.

நேற்று நான் கொஞ்சம் அவசரத்தில், "என்னக்கா, எவ்வளவு நேரம் நிக்கிறது? சீக்கிரம் குடுங்க!" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அக்கா தேநீர் ஆற்றுவதை நிறுத்தாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல திறக்காத வாய், டீக்கு மட்டும் நல்லாத் திறக்குது சார்."

பக்கத்தில் நின்ற இயக்குநர் சிரித்தார். அவருக்கு அடுத்துத்தான் எனக்குக் கொடுத்தாள்.