கடித்தால் மாற்றித் தரப்படும்

ஆறாவது ஜோடியும் கடித்துவிட்டது.

எடைக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். இடது குதிகாலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கொப்புளம். வலது சுண்டுவிரலோ, தான் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதையே மறந்துபோய்ச் சுருண்டு கிடந்தது.

"என்னங்க, இதுவுமா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"இதுவும்தான். முதல் நாள் தேவலை மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாளே பல்லைக் காட்டிடுச்சு."

"போகட்டும் விடுங்க. நாளைக்குப் போய் மாத்திட்டு வந்துடறேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சலிப்பு உண்டா என்றால், மருந்துக்குக்கூடக் கிடையாது. வேறொருத்தியாக இருந்தால் மூன்றாவது ஜோடியிலேயே ஷூவைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பாள். இவளைக் கட்டிக்கொள்ள என்ன புண்ணியம் செய்தேனோ என்று எடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. லாரி மேடையேறி நிற்கும். இவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே எண்ணைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஒரு நாளில் அவர் நடக்கிற தூரம் நாற்காலியிலிருந்து தண்ணீர்ப் பானை வரைக்கும்தான். அதையும் பெஞ்சுக்கு இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்ட ஆள் அவர்.

அப்பேர்ப்பட்டவர் நூற்றிருபது கிலோமீட்டர் நடந்து மலைக்கோயிலுக்குப் போவதாக நேர்ந்துகொண்டிருக்கிறார்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்த மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுந்து உட்காருவாங்க. நடக்கறதுதான் கொஞ்சம் சந்தேகம்" என்றார். எடைக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார். மலை எந்தத் திசையில் இருக்கும் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கை கூப்பினார். "அவளை நடக்க வை. வருஷம் திரும்பறதுக்குள்ள நடந்தே வந்து உன் வாசல்ல நிக்கிறேன்."

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவி ஓர் அடி வைத்தாள். அப்புறம் கம்பியை விட்டாள். இன்னும் மூன்று அடி வைத்து ஜன்னலை எட்டி, "ஒரே புழுக்கமா இருக்கு" என்று சொல்லித் திறந்துவிட்டாள். எடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது டன் லோடெல்லாம் நகர்ந்து போவதைத் தினமும் பார்க்கிறவர். ஆனால் அந்த நான்கு அடி நகர்ந்ததைப் பார்த்தபோதுதான் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டார். இனி நாம் சொன்னதைச் செய்யாவிட்டால், கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிட மாட்டாரா?

நேர்த்திக்கடனைக் கேள்விப்பட்டதும் மனைவி அவருடைய காலையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேர்ந்தது நீங்க, சரி. ஆனா கால் என்னோடதுதானே? ஆளுக்குக் கொஞ்சம் நடந்துடலாமே?"

"உளறாதே! ஒட்டவச்ச இடுப்பை வச்சுக்கிட்டு நீ நடக்கறதாவது! நான் வாய் விட்டுச் சொல்லிட்டேன், நான்தான் நடக்கணும். நல்ல ஷூவா ஒண்ணு அமைஞ்சாப் போதும்."

அந்த நல்ல ஷூதான் அமையவே மாட்டேன் என்றது. எடைக்காரருக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை. அதனால் கடைக்குப் போவது மனைவியின் பொறுப்பாயிற்று. லாரிக்காரர்கள் சொன்ன கடை அது, ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. 'கடித்தால் மாற்றித் தரப்படும்' என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்களாம்.

போட்டு நடந்த ஷூவை ஒரு கடைக்காரன் முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொள்கிறான்! ஒருமுறை இல்லை, ஐந்துமுறை! அந்தக் கடையை நினைத்தாலே எடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"பஸ்ல உட்கார இடம் இருந்தா மட்டும் ஏறு. நின்னுக்கிட்டுப் போகாதே" என்று மறுநாளும் சொல்லி அனுப்பினார்.

"ஒரு நாளும் நின்னுக்கிட்டுப் போனதில்லைங்க" என்றாள் மனைவி.

ஏழாவது ஜோடி வந்தது. அது ஷூ இல்லை, படகு. கால் உள்ளே முன்னும் பின்னும் பிரயாணம் செய்தது.

"நடக்க நடக்கக் கால் வீங்கும்ணே. பெருசாத்தான் இருக்கணும்" என்று ஒரு மணல் லாரி டிரைவர் தைரியம் சொன்னார். "மூணு காலுறை போட்டுப் பாருங்க."

மூன்று காலுறை போட்டுப் பார்த்தார். இரண்டே நாளில் உள்ளே வெந்துபோய்ப் பாதத்தின் தோல் ஏடு ஏடாக உரிந்துவிட்டது. மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினாள்.

எட்டாவது ஜோடி இரும்பு. குதிகால் பக்கம் மடங்கவே மாட்டேன் என்றது. இந்தமுறை ஒரு சிமெண்ட் லாரி டிரைவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ராத்திரி பூரா தண்ணில ஊறப்போடுங்க. காலையில ஈரத்தோட மாட்டிக்கிட்டு, காயற வரைக்கும் நடங்க. உங்க கால் மாதிரியே அச்சாயிடும்."

சொட்டச் சொட்ட ஷூவோடு எடைக்காரர் வேலைக்கு வந்தார். அன்றைக்கென்று பார்த்து முதலாளி வந்து கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். "எண்ணை நான் பாத்துக்கறேன், நீ நட" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வெளியே எங்கும் ஜல்லி. மேடை ஒன்றுதான் வழவழவென்று இருந்தது. எடைக்காரர் அதில் ஏறி, நின்றிருந்த மணல் லாரிக்குப் பின்புறமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். வாய் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எண்பது கிலோ கூடுதல்!" என்று முதலாளி கத்தினார்.

டிரைவர் திட்டிக்கொண்டே எண்பது கிலோ மணலைத் தள்ளி இறக்கினார். என்ன கூச்சல் என்று பார்க்க எடைக்காரர் மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"இப்ப எண்பது கிலோ குறையுதே!"

"என்ன முதலாளி, விளையாடறீங்களா?" என்று டிரைவர் மணலைத் திரும்ப அள்ளிப் போட்டார். எடைக்காரர், ஷூ பாதியில் காய்ந்துவிடப் போகிறதே என்று மறுபடி மேடை ஏறினார்.

"திரும்பவும் எண்பது கூடுது!"

மூன்றாவது தடவை டிரைவர் மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார். முதலாளி எழுந்து வந்தார். மேடை முழுக்க ஈரக் கால்தடம். தடம் போன வழியே போய், லாரிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்.

"யோவ், நீயும் லோடாய்யா?"

சாயங்காலத்துக்குள் ஷூ காய்ந்தது. காய்ந்து சுருங்கி, காலை விடாமல் கவ்விக்கொண்டது. மனைவி கட்டிலில் காலை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அந்த இடுப்பில் இவ்வளவு பலம் எப்போது வந்தது என்று எடைக்காரர் வலியோடு வலியாக வியந்தார். ஆனால் மனசு இடிந்துபோயிருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை எல்லாரும் நடைப்பயணம் கிளம்பறாங்க. வருஷம் முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா. என்னால உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

மனைவி அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நான் இருக்கேன்ல?"

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது ஜோடி வந்தது.

திங்கட்கிழமை அதை மாட்டினார். கடிக்கவில்லை. சரி, முதல் நாள் எல்லாமே நல்ல பிள்ளைதான் என்று விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடந்தே போனார், நடந்தே வந்தார். அப்போதும் கடிக்கவில்லை. அழுத்தமும் இல்லை, வழுக்கலும் இல்லை. பழைய சிநேகிதன் தோளில் கை போட்டதுபோல் அது காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"எப்படிங்க இருக்கு? கடிக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

கடைசியில் சொல்லி அவளை அசத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ம்... இன்னும் தெரியலை" என்று இழுத்தார்.

"மனசைத் தளரவிடாதீங்க. நாளைக்குக் கண்டிப்பாக் கடிக்கும்" என்று அவள் ஆறுதல் சொன்னாள். பாவம், கடிபட்ட கணவனைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பேச்சு குழறுகிறது என்று எடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டார்.

"தாராளமாப் போய்யா. மேடைப் பக்கம் மட்டும் வராதே."

அந்தத் தெய்வீகக் கடையை நேரில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அப்படியே, இத்தனை தடவை தனக்காக அலைந்தவளுக்கு ஒரு மெத்தென்ற செருப்பும் வாங்க வேண்டும். பஸ் ஏறினார். பஸ் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து, "ஆறு கிலோமீட்டருக்கு இவ்வளவு நேரமா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கண்டக்டரோடு சண்டை போட்டபோதுதான் தூரமே அவருக்குத் தெரிந்தது.

கடையில், கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு விற்பனைப் பெண் நின்றிருந்தாள். இன்னார் வீட்டுக்காரர் என்று சொன்னதும் முகம் மலர்ந்தாள்.

"அக்காவுக்குச் செருப்பா? நல்ல காரியம் செஞ்சீங்க சார். பாவம், அவங்க செருப்புக்கு நாங்களே ரெண்டு தடவை அடிப்பாகம் மாத்திக் குடுத்தோம். அவ்வளவு தேய்மானம்."

"பஸ்ல வந்து போறதுக்குச் செருப்பு எப்படிம்மா தேயும்?"

"பஸ்ஸா? அக்கா என்னைக்கு சார் பஸ்ல வந்தாங்க? வர்றதும் நடை, போறதும் நடை."

எடைக்காரர் அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த இடுப்பு. போக ஆறு, வர ஆறு. ஒன்பது தடவை! உலகத்தில் எந்தக் கோயில் வாசலிலும் அவருக்கு அப்படி ஒரு பிரமிப்பு வந்திருக்காது. வெட்கமாகவும் இருந்தது, ஒரு ஜோடி ஷூவுக்காகவா அவளை இப்படி நடக்கவிட்டோம்?

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலை நீட்டினார். "இனிமே அவ இங்க ஒரு அடிகூட நடந்து வர வேண்டாம்மா. இந்த ஜோடி கச்சிதமாப் பொருந்திடுச்சு. உங்களுக்குக் கோடி நமஸ்காரம்."

அந்தப் பெண் திடுக்கிட்டுக் குனிந்தாள். ஷூவைக் கழற்றித் திருப்பி உள்ளே இருந்த எண்ணைப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, பெட்டி மாறிப்போச்சே சார்! அக்காவுக்கு மலைக்கான நூத்திருபதுல இன்னும் பன்னண்டே பன்னண்டு கிலோமீட்டர்தான் பாக்கின்னு, உங்களைக் கண்டிப்பாக் கடிக்கிற ஜோடியா நானே பாத்துப் பாத்து எடுத்து வச்சிருந்தேனே!"