ஒரே தொட்டியில் இரண்டு கடல்

"இதுல எது காற்றாலை நண்டு, எது சும்மா நண்டு?"

குளியலறை வாசலில் நின்று அவள் கேட்டபோது, கணவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஏறியதற்குக் காரணம் மறந்ததுபோல் இறங்கிக்கொண்டிருந்தன.

"டிரைவர் ரெண்டு பெட்டி இறக்கிட்டுப் போனார். உள்ள மூச்சு முட்டிக்கிட்டுக் கிடந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு, தொட்டித் தண்ணியில உப்பைக் கரைச்சுக் கொட்டிட்டேன்."

"ரெண்டு பெட்டியையுமா?"

"ஒண்ண மட்டும் காப்பாத்தினா மனசு கேக்குமா?"

"மூடியில சீட்டு ஒட்டியிருந்தேனே."

"சீட்டெல்லாம் ஒண்ணும் இல்லையே."

ஈரத்தில் உதிர்ந்திருக்கும் என்று நினைத்து அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் கடல் உயிரின ஆய்வாளர். கடலுக்குள் வரிசையாக நட்டிருக்கும் காற்றாலைகளால் மீனுக்கும் நண்டுக்கும் சிப்பிக்கும் நல்லதா கெடுதலா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அன்று காலை படகில் போய், ஒரு பெட்டி நண்டைக் காற்றாலைகளின் காலடியிலும், இன்னொரு பெட்டியைக் காற்றாலையே இல்லாத தூரக் கடலிலும் பிடித்திருந்தாள். படகு ஆடிய ஆட்டத்தில் குடல் புரண்டுவிட்டது. கரை சேர்ந்ததும் பெட்டிகளை அலுவலக வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள்.

ஆய்வகத்தில் கடல்நீர் பம்பு பழுது. ஒரு நாள் வீட்டிலேயே வைத்திருங்கள், காலையில் கொண்டுவாருங்கள், நானே பார்த்து ஒப்பிடுகிறேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்துத்தான் அடுத்த வரிசைக் காற்றாலைகளை நடுவதா, மீனவர்கள் கேட்பதுபோல் நிறுத்துவதா என்று முடிவாகும். அத்தனையும் இப்போது ஒரே தொட்டியில் கலந்து கிடந்தது.

நாத்தனார் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, காலையில எனக்கு இன்டர்வியூ. நான் எங்க குளிக்கிறது?"

"முதல்ல இதுங்களைப் பிரிக்கணும்."

"அவ்வளவுதானே. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"தெரிஞ்சா நான் ஏன் ஆராய்ச்சி பண்றேன்?" என்றவள், கொஞ்சம் யோசித்தாள். "காற்றாலைக் கால்ல சிப்பி நிறைய ஒட்டி வளரும். அதைத் தின்னு அங்க இருக்கிற நண்டு கொழுத்திருக்கலாம்."

சமையலறைத் தராசு வந்தது. கணவர் நண்டைப் பிடிக்க, நாத்தனார் எடை பார்க்க, அவள் குறித்துக்கொண்டாள். எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. கடலில் இவ்வளவு ஒழுங்கை அவள் பார்த்ததே இல்லை.

"காற்றாலை ஓடும்போது சத்தம், அதிர்வு எல்லாம் இருக்குமில்ல?" என்றாள் நாத்தனார். "அங்க இருந்ததுங்களுக்கு அது பழகியிருக்கும். வாஷிங் மெஷினைப் போடுவோம். பயப்படாததெல்லாம் உங்க காற்றாலை கோஷ்டி."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. தொட்டியை ஒட்டி நின்ற மெஷினைப் பிழியும் சுற்றில் ஓடவிட்டார்கள். அது உறுமிக்கொண்டே நடந்துவந்து தொட்டியை முட்டியது. நண்டுகள் மொத்தமும் அசையாமல் நின்றன. பயந்து நிற்கின்றனவா, பழகி நிற்கின்றனவா என்று மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, முட்டிய வேகத்தில் அடைப்பான் கழன்று தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

"ஏதாவது கொடு, அடைக்கணும்" என்று கணவர் கை நீட்டினார். கைக்குக் கிடைத்ததை அவள் கொடுத்தாள்.

"அண்ணா, அது இன்டர்வியூவுக்கு எடுத்து வச்ச துப்பட்டா" என்றாள் நாத்தனார் நிதானமாக. நிதானமாகப் பேசினால்தான் அவளுக்கு உண்மையான கோபம்.

துப்பட்டாவின் ஒரு முனை ஓட்டையில் போக, மறுமுனை தொட்டி விளிம்பில் தொங்கியது. நண்டுகளுக்கு அது ஏணி. மூவரும் வீடு முழுக்கத் தேட வேண்டியதாயிற்று. கட்டிலடியில் சில, செருப்புக்குள் ஒன்று, மெஷினுக்குப் பின்னால் மீதி. கிடைத்ததையெல்லாம் கணவர் துணி ஊறவைக்கும் தொட்டியில் போட்டார். ஓடாதவை குளியல் தொட்டியிலேயே இருந்தன.

"பாத்தியா, தானாவே பிரிஞ்சிருச்சு" என்றார். "ஓடினது பயந்த நண்டு. தங்கினது காற்றாலை நண்டு."

"காற்றாலையால நண்டு மாறுதான்னுதான் கேள்வியே. மாறியிருக்கும்னு நாமளே வச்சுக்கிட்டுப் பிரிச்சா, அப்புறம் பதில் எதுக்கு?"

"அப்ப எது சரி?"

யோசிக்க யோசிக்க, அவளுக்குக் கேள்வியே எது என்பது குழம்பியது.

காலையில் நாத்தனார் சமையலறைக் குழாயில் முகம் கழுவிவிட்டு, துப்பட்டா இல்லாமல் கிளம்பினாள். அண்ணி, ஓடியவற்றை ஒரு பெட்டியிலும் தங்கியவற்றை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே முடிவு: உள்ளதைச் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும், பொய்க் கணக்கை வைத்துக் கடலில் எதையும் நடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

இயக்குநர் மலர்ந்த முகத்தோடு இருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டிகள்மேல் குனிந்துவிட்டார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

"இருங்கம்மா. நான் பார்த்தே சொல்றேன்." ஓடிப்போய்ப் பிடிபட்ட கூட்டத்தைக் காட்டினார். "இது காற்றாலை. பாருங்க, என்ன சுறுசுறுப்பு. அதிர்வுல வளர்ந்த தெம்பு. அது தூரக் கடல். சோம்பல். பளிச்சுனு தெரியுது."

"சார், எது எதுன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல ரெண்டும் கலந்துபோச்சு."

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவரோ சிரித்தார்.

"கலந்தா என்ன? நான்தான் பிரிச்சுச் சொல்லிட்டேனே. கடல்ல பிடிச்ச நண்டை எங்க வச்சாலும் எனக்கு அடையாளம் தெரியும். எழுதிக்கோங்க, காற்றாலையால நண்டுக்கு நன்மையே."

எழுதுவதா வேண்டாமா என்று அவள் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, டிரைவர் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"என்னப்பா?" என்றார் இயக்குநர்.

"சந்தையில பெட்டியைத் திருப்பிக் கேக்கிறாங்க சார். உங்க வீட்டு விருந்துக்கு நேத்து நண்டு வாங்கிட்டு வரச் சொன்னீங்களே, அந்த ரெண்டு பெட்டிதான் இது, வண்டியில மாறிப்போச்சு. மேடம் கடல்ல பிடிச்சதைத்தான் நேத்து உங்க வீட்டுல சமைச்சிட்டாங்க."