மாண்டலினும் மாப் குச்சியும்

"இனிமேல் நம் வீடுதான் ஸ்டூடியோ!"

சனிக்கிழமை காலையில் நான் இப்படி அறிவித்தபோது என் மனைவி வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரிங்க. ஸ்டூடியோவுல கொஞ்சம் காலைத் தூக்குங்க, துடைக்கணும்."

தூக்கினேன். எங்கள் வீட்டில் என் அறிவிப்புகள் எல்லாம் இப்படித்தான் முடியும்.

விஷயம் இதுதான். என் மச்சினன், அதாவது இவளுடைய தம்பி, குழந்தைகளுக்கான கதைகளை ஒலிப்பதிவு செய்து விற்கிறவன். புதுக் கதையின் ஆரம்பத்துக்குக் கொஞ்சம் மாண்டலின் இசை தேவைப்பட்டது. நான் மாண்டலின் வாசிப்பேன். கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதிக்கிற நேரம் போக, வீட்டில் எல்லார் காதையும் சோதிக்கிறேன் என்பது என் மனைவியின் விமர்சனம்.

"மாமா, திங்கக்கிழமை காலையில வேணும். கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கீபோர்டுல மாண்டலின் சத்தத்துக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கி நானே வாசிச்சிடுவேன்" என்றான் மச்சினன்.

பட்டனா! இத்தனை வருஷம் விரல் நுனி தேயத் தேயப் பழகியது ஒரு பட்டனுக்குச் சமமா?

"மாப்ளே, ஸ்டூடியோ தரத்துல வந்து சேரும். அந்தப் பட்டனைச் சட்டையில தச்சுக்கோ" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

சொல்லியாகிவிட்டது. இனி செய்ய வேண்டும்.

பழைய சாமான் கடையிலிருந்து இரண்டு மைக் பிடித்து வந்தேன். மைக் ஸ்டாண்டு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே மனைவியின் கையிலிருந்த மாப் குச்சியை வாங்கி, நாற்காலி முதுகில் நிமிர்த்திக் கட்டி, அதன் உச்சியில் ஒரு மைக்கை ரப்பர் பேண்டால் இறுக்கினேன்.

"என்னங்க, பாதி வீடுதான் துடைச்சிருக்கேன்."

"மீதியை நாளைக்குத் துடைச்சுக்கலாம். கலை முக்கியம்."

"கறை?"

கலைஞர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது அறை. சுவரில் பட்டு எதிரொலிக்காமல் இருக்க, மெட்டுப் போடுவதற்கு முன்னால் மெத்தை போட வேண்டும். கட்டில் மெத்தையைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தினேன். ஜன்னல்களுக்குப் போர்வை. கதவிடுக்குக்குத் துண்டு. காற்று வர ஒரு வழியும் மிச்சமில்லை. உள்ளே உட்கார்ந்தால் இட்டிலிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஃபேன் போட முடியாது, சத்தம்.

எங்கள் வீட்டில் நான் சொல்வதை முழுசாகக் கேட்கிற முதல் ஜீவன் அந்த மைக்தான். துரதிர்ஷ்டம், அது மற்றவர்கள் சொல்வதையும் கேட்டது. ஃப்ரிட்ஜின் உறுமல். மாடி வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம். என் மூச்சு. நான் வாசித்தது எங்கோ பின்னால் கேட்டது.

ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். அடுத்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தும்மல் வந்தது. போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"சார், கொஞ்சம் தும்மாம இருக்க முடியுமா?"

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மெட்டு முடியற வரைக்கும் சார்."

"நானும் காலையிலேர்ந்து சுவர் வழியா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆரம்பிக்கறீங்க, ஆரம்பிக்கறீங்க, ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கீங்க. அது முடியற வரைக்கும் எந்த மனுஷனாலயும் தும்மலை அடக்க முடியாது சார்."

திரும்பி வந்து மைக்கை மாண்டலின் ஓட்டைக்கு நேராக வைத்தேன். பீப்பாய்க்குள் யாரோ உருளுகிற மாதிரி பதிவானது. சரி, இரண்டு மைக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தகர டப்பா சத்தம் வந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்று கல்யாணமானவனுக்கே தெரியவில்லையென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

இவற்றையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். சமாளிக்க முடியாதது அந்தச் சிவப்பு விளக்கு. பதிவு ஆரம்பித்ததும் லேப்டாப் திரையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி எரியும். அது எரிந்ததும் என் விரல்கள் பத்தும் முருங்கைக்காய் ஆகிவிடும். அணைந்ததும் மறுபடி விரலாகும். மனைவியிடமும் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

சாயங்காலம் மனசு வெறுத்து, மாண்டலினை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து சும்மா வாசித்தேன். என் மனைவி ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். ஒரு இடத்தில் நின்று தலையாட்டினாள்.

"காது வலியா?"

"ம்ம்" என்றாள்.

பாவம், என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசம். நிறுத்தி வைத்த ஃப்ரிட்ஜை மறந்தே போனதில், ஐஸ் உருகிச் சமையலறை குளமாகியிருந்தது. துடைக்க மாப் இல்லை. மாப் குச்சியின் மேல் மைக் இருந்தது. நான் பழைய துண்டோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கீபோர்டும் கையுமாக மச்சினன் சிரிக்கிற காட்சி மனக்கண்ணில் வந்து போனது. கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே.

மத்தியானம் மனைவி வந்தாள்.

"போதுங்க, விடுங்க. எல்லா ஒயரையும் பிடுங்கிட்டேன். ஹாலுக்கு வாங்க. மலை மாதிரி துணி கிடக்கு, மடிக்கணும். எனக்கு போரடிக்குது. எனக்காக ஒரு தடவை வாசிங்க."

"உனக்காகவா?"

"வேற யாருக்கு?"

கல்யாணமான புதிதில் கேட்ட கேள்வி. அதன்பின் இவ்வளவு அன்பாகக் கேட்டதில்லை. சோபாவில் அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் காயப்போட்ட துணிகள். எதிரே துணிக் கூடை. அவள் ஒரு சட்டையை எடுத்து மெதுவாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி அதையே மடித்தாள். வாசித்தேன். விரல்கள் தாமாக ஓடின. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, குழைய வேண்டிய இடத்தில் குழைந்து, மெட்டு ஆற்றில் படகு போகிற மாதிரி போய்க் கரை சேர்ந்தது. கடைசித் தந்தி அடங்கும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"ஐயோ! இதை ரெக்கார்ட் பண்ணியிருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க. அநியாயம்" என்றாள், சட்டையை மடித்தபடி.

இனி என்ன? திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்புமுன் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மச்சினனுக்கு போன் செய்தேன்.

"மாப்ளே, தப்பா நினைச்சுக்காதே. நீ அந்தப் பட்டனையே அமுக்கிடு."

"என்ன மாமா சொல்றீங்க? அக்கா நேத்தே அனுப்பிட்டாளே! கதையோட சேர்த்துட்டேன். ராத்திரியே எங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு அனுப்பினேன், எல்லாரும் அசந்து போயிட்டாங்க. எந்த ஸ்டூடியோன்னு கேக்கறாங்க!"

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ்.

"மைக் எங்க இருந்துச்சு?"

"துணிக் கூடையில. உங்க பனியனுங்களுக்கு நடுவுல, தலையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு."

"ஒயரைப் பிடுங்கிட்டேன்னியே!"

"பெட்ரூம் ஒயரைத்தான் பிடுங்கினேன்."

"இடம் எப்படித் தெரிஞ்சுது?"

"மைக்குக்கு ஒரு காதுதானே? அதான் ஒரு காதை மூடிக்கிட்டுச் சுத்தி வந்தேன், எங்க நின்னா கேக்க நல்லா இருக்குன்னு பார்த்தேன். அங்கதான் கூடையை வச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா விரல் முருங்கைக்காய் ஆகியிருக்கும். ஊசி போடறப்போ குழந்தைங்ககிட்டயும் சொல்ல மாட்டோம். 'இது வெறும் பஞ்சுடா கண்ணா'ன்னு தடவுவோம். பஞ்சுன்னு நம்பற வரைக்கும் அதுங்க கையை விறைச்சுக்காது."

"அப்போ நான் குழந்தையா?"

"சேச்சே. குழந்தைங்க ஒரு தடவைதான் ஏமாறும்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். வரவில்லை. மானம் மிஞ்சியது, பட்டன் தோற்றது, படுக்க மெத்தையும் திரும்பக் கிடைத்தது. இதற்குமேல் ஒரு புருஷனுக்கு என்ன வேண்டும்? போன் மறுபடி அடித்தது. மச்சினன்தான்.

"மாமா, அடுத்த கதைக்கு ஒரு வயலின், அதுக்கடுத்ததுக்கு ஒரு புல்லாங்குழல். வாசிக்கறவங்களை உங்க வீட்டுக்கே அனுப்பறேன். ரெக்கார்டிங் எல்லாம் அக்கா பார்த்துக்கட்டும்."

"நான் என்னப்பா பண்றது?"

பின்னாலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள், நிதானமாக, கைப்பையை மாட்டிக்கொண்டே.

ஆகவே ரெக்கார்டிங் நடக்கும்போது எங்கள் வீட்டுக்கு வருகிற நண்பர்கள் தயவுசெய்து காலிங் பெல்லை அடிக்க வேண்டாம். அதற்காகத்தான் வாசலில் நான் நிற்கிறேன்.