மார்ச்சில் முடியாது, டாக்டர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் டயர்களும் காற்று இறங்காமல் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை இந்த ஒரு தடவை என்னிடம் எதிர்பார்க்காதே. ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் நாற்காலியைத் திட்டு. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், எனக்கு அழுகை வரும், இரண்டு பேருக்கும் விஷயம் புரியாது. அதனால்தான் கடிதம்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனின் கார்ப் பந்தய அட்டவணை முடிவானதும் அனுப்பி வைப்பதாக உன் அத்தானிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். அனுப்பாதே. போன மாதம் நீ அனுப்பிய உத்தேச அட்டவணையே இந்த வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டது. பந்தயக் குழுவோடு ஊர் ஊராகப் போய் டயர் மாற்றுவது உன் பிழைப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டுகிற நீ அக்காவுக்கு ஒரு வரி எழுத வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்கிறாய் என்பதையும் நான் இப்போது பேச வரவில்லை. ஆனால் இதயத்தில் வால்வு சுருங்கிப்போன ஒரு மனுஷனுக்கு, கலர் கலராகப் பந்தயத் தேதி போட்ட தாளை உறையில் வைத்து அனுப்பினாயே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆமாம், வால்வு. உன்னிடம் அத்தான் "லேசா மூச்சு வாங்குது மச்சான்" என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். லேசு ஒன்றும் இல்லை. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசல் சுருங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரம்மா படம் போட்டே காட்டினார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஓய்வு, பரபரப்பு கூடவே கூடாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "அப்ப எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டார். உன் அத்தான் சட்டைப்பையிலிருந்து நீ அனுப்பிய தாளை எடுத்து மேஜைமேல் விரித்து, கை வைத்து நீவிவிட்டார்.

"மார்ச்ல முடியாது, டாக்டர். மார்ச்லதான் ஆரம்பிக்குது."

"என்ன ஆரம்பிக்குது? வீட்ல கல்யாணமா?"

"சீசன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தேன். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்க, இவர் விரலை வைத்து ஒவ்வொரு தடமாக விளக்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக நேர் மேலேயும் நேர் கீழேயும் போய் வந்த மனுஷனுக்கு வளைவு என்றாலே ஒரு ஏக்கம். சுஸுகாவாம், அந்தத் தடம் தன்மேலேயே பாலம் போட்டுத் தாண்டி எட்டுப் போடுமாம். என் டிரைவிங் பள்ளிக்கு வருகிறவர்களும்தான் லைசென்ஸுக்காக எட்டுப் போடுகிறார்கள், யாராவது கை தட்டுகிறோமா? மொனாக்கோவாம், ஊருக்குள் இருக்கிற தெருவிலேயே பந்தயமாம், ஒருவரை ஒருவர் முந்தவே இடம் கிடையாதாம். எங்கள் மார்க்கெட் தெருவில் தண்ணீர் லாரியும் ஸ்கூல் வேனும் தினமும் அதைத்தான் செய்கின்றன, கோப்பைதான் கொடுப்பதில்லை. ஸ்பாவில் தடத்தின் ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போதே மறுபக்கம் மழை கொட்டுமாம். மோன்சா வந்தால் நேர்ப்பாதையில் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டுமாம். பிரேக்கை மறக்கச் சொல்லிக் கொடுக்கிற ஆளோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, ஊராருக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன் பார், என் பிழைப்பை என்னவென்று சொல்ல.

கடைசியில் அவரே ஒரு சலுகை காட்டினார். "ஆகஸ்ட்ல ஒரு இடைவெளி விடுறாங்க டாக்டர். எல்லாரும் பட்டறையைப் பூட்டிட்டு லீவுல போயிடுவாங்க. அப்ப நான் ஃப்ரீ."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஐயா, உங்க வால்வு ஆகஸ்ட் வரைக்கும் தாங்காது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அதற்கப்புறமாவது ஆள் வழிக்கு வந்தாரா என்றால், இல்லை. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறதே, அது முடியட்டும் என்றார். மார்பில் ஒயர்களை ஒட்டி இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி அனுப்புவார்கள், ஒரு நாள் முழுக்க இதயம் எப்படி ஓடுகிறது என்று அது பதிவு செய்யும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் சோதனைக்கூடத்துக்காரர் பதறிப்போய் எனக்குப் போன் பண்ணினார். "சாயங்காலம் சார் மாடிப்படி ஏறினாங்களா மேடம்? இல்ல, எதையாவது தூக்கினாங்களா?" ஒன்றும் தூக்கவில்லை, சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். பழைய பந்தயம் ஒன்றை டிவியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடங்குவதற்கு முன் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றாக எரியுமே, அந்த நேரம். ஜெயித்தது யார் என்று அவருக்கு முன்பே தெரியும், அந்த ஆள் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகிறது, இருந்தும் இவர் இதயம் அப்படிக் குதித்திருக்கிறது. அன்றைக்கே டிவியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஆனால் தம்பி, என்னைப் பயமுறுத்தியது அந்தப் பெட்டி இல்லை. போன வாரம் கடையிலிருந்து வரும்போது, நம் வீட்டுப் படியில் பாதி ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னங்க என்று கேட்டேன். "லேஸ் அவுந்துபோச்சு, கட்டிட்டு வர்றேன், நீ போ," என்றார். காலில் செருப்புத்தான் போட்டிருந்தார். நான் மேலே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி கெட்டது. நீ அனுப்பிய அட்டவணையை எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே ஒரு அட்டவணை தயார் செய்தேன். முதல் பந்தயத்தை மார்ச்சிலிருந்து தூக்கி மே கடைசியில் போட்டேன். மற்றதையெல்லாம் அதற்குத் தக்கபடி நகர்த்தினேன். மேலே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடிப் படம் ஒட்டி, நல்ல தாளில் எடுத்து, நீ அனுப்பிய இறுதி அட்டவணை என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். சீசன் தள்ளிப்போய்விட்டது, இடையில் ஆபரேஷனையும் ஓய்வையும் முடித்துக்கொள்ளலாம், இனி சொல்வதற்குச் சாக்கு இல்லை என்பது என் கணக்கு. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எதிரே நின்றேன்.

அவர் மேலிருந்து கீழ் வரை படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, எல்லாப் பந்தயமும் புதன்கிழமையா நடக்குது?"

எங்கள் பள்ளியில் லைசென்ஸ் டெஸ்ட் புதன்கிழமைதான். இத்தனை வருஷமாக டெஸ்ட் தேதி அடித்து அடித்து, கை தன்பாட்டுக்குச் சுஸுகாவையும் புதன், மொனாக்கோவையும் புதன் என்று போட்டுத் தள்ளிவிட்டது. உலகத்தில் எங்கேயும் வாரக் கடைசியில்தான் பந்தயம் வைப்பார்கள் என்பது இந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மோன்சாவுக்கு வர்றவங்க காலையில எட்டுப் போட்டுக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, ஒரு கட்டத்தில் சத்தமே வரவில்லை. உதடு நிறம் மாறியதைப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினால் வண்டி வர நேரமாகும் என்றார்கள். வாசலில் பள்ளிக்கூடத்துக் கார் நின்றிருந்தது.

அந்தக் காரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். மேலே பெரிதாக எல் போர்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், சொல்லிக் கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக். நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் அவரை உட்கார வைத்தேன். இத்தனை வருஷத்தில் நாற்பதுக்கு மேல் முள்ளைப் போகவிடாத நான் அன்றைக்கு எவ்வளவில் போனேன் என்று எனக்கே தெரியாது, பார்க்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் இவர் பயந்துபோய்த் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிறார். "காலை எடுங்க," என்று கத்துகிறேன். எடுத்துவிட்டு, மூச்சு விட முடியாத நிலையிலும், "வளைவுல வெளிய போய்... உள்ள வெட்டு," என்கிறார். பேசாதீங்க என்றால் கையால் காட்டுகிறார். முன்னால் போனவர்கள் கண்ணாடியில் எல் போர்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசி வளைவில் அவர் காட்டியபடிதான் திருப்பினேன், அதனால்தான் பஸ்ஸில் மோதாமல் தப்பித்தோம்.

அவசரப் பிரிவில் மூச்சுக்குக் குழாய் வைத்து, ஊசி போட்டு, ஒருவழியாக ஆளை நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இனி தேதி கேட்பதாக இல்லை, நாங்களே வைத்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. அந்தத் தேதி இன்றைக்குத்தான். அவர் போன பிறகு உன் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மார்ச் பத்தியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பயமா இருந்துச்சு. அடுத்து ஒரு பந்தயம் இருக்கு, அதுக்கடுத்து ஒண்ணு இருக்குன்னு நெனச்சுட்டா, அதுக்குள்ள நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தைரியம். அவ்வளவுதான்."

நான் அவரைத் திட்டினேன். இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்த பிறகும் கையை விடவில்லை.

ஆகவே என் தீர்மானம் இது. இனி நம் வீட்டில் பந்தயப் பேச்சே கிடையாது. எதிர்வீட்டுக்குப் போன டிவி அங்கேயே இருக்கட்டும். நீ போன் பண்ணினால் வெயில் மழை பற்றி மட்டும் பேசு, அதிலும் ஸ்பாவில் பெய்கிற மழையைப் பற்றிப் பேசாதே. அவர் தூண்டித் துருவிக் கேட்டால் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல். அட்டவணை என்று ஒரு தாள் இந்த விலாசத்துக்கு வந்தால் அக்கா தம்பி உறவு அத்தோடு சரி. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு. வண்டிக்கு அடியில் குனியும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். நீ எந்த ஊர்த் தடத்தில் டயர் உருட்டிக்கொண்டிருந்தாலும் கை கால் சுகத்தோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இப்போதுதான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். சக்கரக் கட்டிலைத் தள்ளுகிறவரிடம் "வளைவு வருது, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே போனார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும். முடிய வெகுநேரம் ஆகுமாம். நர்ஸ் வந்து, மயக்கம் தெளிகிறபோது வீட்டு ஆள் பக்கத்தில் இருந்து அவருக்குப் பிடித்ததாகப் பேசினால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறார். எதைப் பேசுவது என்று யோசித்தால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது, அதையும் சுக்கல் சுக்கலாகக் கிழித்துவிட்டேன். மேலே எழுதிய எதையும் செய்யாதே. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்வரை என்னால் காத்திருக்க முடியாது, இதோ உனக்குப் போன் போடப் போகிறேன். சிரிக்காமல், மார்ச்சிலிருந்து கடைசிப் பந்தயம் வரை ஊரையும் தேதியையும் ஒன்று விடாமல் சொல்லு, எழுதிக்கொள்கிறேன். கடைசிப் பந்தயம் டிசம்பரில்தானே? அவர் கண்ணைத் திறந்ததும் முதலில் டிசம்பரைத்தான் சொல்லப் போகிறேன்.