பணிப்பாளரின் ஸ்பானிய ஏடு தொடக்கம்

ஸ்பெயின் நாட்டவர்கள் கண்டிக்கு நிறைய வரப்போகிறார்கள் என்று யாரோ யாருக்கோ சொல்ல, அது சுற்றறிக்கையாகி, நகரத்தில் விடுதிகளுக்கு லைசன் கொடுக்கும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. "வருகை தருவோரை அவர்தம் மொழியிலேயே வரவேற்பது காலத்தின் கட்டாயமாகும். ஆகவே அலுவலர் அனைவரும் ஸ்பானிய எழுத்துக்களையும் அவற்றின் உச்சரிப்பையும் முதற்கண் கற்றுத் தேறுதல் வேண்டும்." நல்ல விஷயம்தானே! தமிழில் எழுதிக் கொடுத்ததை மாதக்கணக்கில் மேசையில் ஊறப்போடுகிற ஆட்கள் ஸ்பானிய மொழியில் என்ன கிழிக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஊறிக்கொண்டு கிடந்தவற்றில் என்னுடைய விண்ணப்பமும் ஒன்று.

நான் வதனா. அம்பிட்டியவில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறேன். எனக்குச் சோறு போடுவது அந்த நாலு அறைதான். லைசன் டிசெம்பர் கடைசியோடு முடிகிறது. ஜனவரியில் ஒரு ஸ்பானியக் கூட்டம் வந்து தங்கப்போகிறது. லைசன் புதுப்பிக்காவிட்டால் பயண நிறுவனம் அவர்களை வேறு இடத்துக்குத் தள்ளிவிடும். வேண்டியது பணிப்பாளரின் ஒரு கையொப்பம்.

போனேன். வாசலில் காவலாளி வீரையா மறித்தார்.

"இன்னைக்குப் போயிட்டு இன்னொரு நாள் வாங்கம்மா. ஐயாவுக்கு ஏடு தொடக்குறாங்க."

"ஆருக்கு?"

"பணிப்பாளர் ஐயாவுக்குங்க. விஜயதசமி இல்லீங்களா?"

எட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கண்கொள்ளாக் காட்சி. பணிப்பாளர் பாலேந்திரன், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர், காற்சட்டைக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு பாயில் சம்மணமிட்டு இருந்தார். எதிரே தாம்பாளத்தில் பச்சரிசி. ஐயர் அவருடைய விரலைப் பிடித்து அரிசியில் A எழுதுவித்தார். ஐயருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, அதனால் உச்சரிப்பை எழுதுவினைஞர் ரஸீனின் கைத்தொலைபேசி கவனித்துக்கொண்டது. "ஆ" என்றது தொலைபேசி. "ஆ" என்றார் பணிப்பாளர். ஊழியர்கள் கை தட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள்.

முதல் எழுத்துக்குச் சுபநேரம் பார்த்தவர்கள் இரண்டாம் எழுத்துக்குப் பார்க்காமல் விடலாமா? B கோபித்துக்கொள்ளாதா? ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியே நாள் குறிப்பதென்றும், கிழமைக்கு ஒன்றுக்கு மேல் படிப்பது மூளைக்குக் கூடாதென்றும் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கிழமை பணிப்பாளரை மேசையிலேயே பிடித்தேன்.

"ஐயா, ஒரு கையெழுத்துத்தானே. பேனை கையில கிடக்கு, வைச்சு விடுங்கோவன்."

"தங்கச்சி, நான் இப்ப மாணவன். மாணவன்ர கையெழுத்து சட்டப்படி செல்லுமோ?"

"அப்ப திரும்ப எப்ப பணிப்பாளர் ஆவியள்?"

"கடைசி எழுத்து முடியட்டும்."

"உங்களுக்குப் பதிலா ஒப்பம் வைக்கப் பதில் பணிப்பாளர் ஒருத்தர் இருக்கிறார்தானே?"

"அவரும் என்ர வகுப்புத்தான். எனக்குப் பக்கத்தில இருக்கிறவர்."

"சம்பளத்தை ஆர் எடுக்கிறது, மாணவனோ பணிப்பாளரோ?"

"அது பணிப்பாளர்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அன்று B. ஸ்பானிய மொழியில் B-க்கும் V-க்கும் ஒரே சத்தம்தானாம். ஒரு வேலைக்கு இரண்டு பேர்! இதைக் கேட்டதும் பணிப்பாளர் மெய்சிலிர்த்து, "முறையா நிர்வாகம் பண்ணப்பட்ட மொழி" என்று பாராட்டினார்.

இப்படியே கிழமைக்கு ஒரு முறை போனேன், வந்தேன். C-க்குப் போனேன். D அன்று ரஸீன் எனக்குக் கதிரை போட்டுத் தந்தார். E-க்குத் தேத்தண்ணீரும் வந்தது. G சில எழுத்துக்களுக்கு முன்னால் வந்தால் தொண்டையிலிருந்து காறவேண்டும் என்று தொலைபேசி சொன்னதால், அன்று அலுவலகம் முழுக்க ஆஸ்பத்திரி வார்ட்டு மாதிரி இருந்தது. இடையில் மூன்று நாலு கிழமை சுபநேரம் அமையவில்லை என்று எழுத்தே இல்லை. அதனால் கையொப்பமும் இல்லை என்றார்கள். எழுத்து வந்த கிழமை மட்டும் வைத்துக் கிழித்தார்களாக்கும்!

டிசெம்பர் முப்பத்தொன்று. என் லைசனின் கடைசி நாள். வாழ்வா சாவா என்று ஓடிப்போனேன். உள்ளே ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

"என்ன ரஸீன், ஆரும் செத்துப்போச்சினமோ?"

ரஸீன் பலகையைக் காட்டினார். அன்று H. அந்த எழுத்துக்கு ஸ்பானிய மொழியில் பெயர் உண்டு, ஆச்சே என்று கூப்பிடுவார்களாம். சொல்லின் முன்வரிசையில் ஆசனம் உண்டு. சத்தம்தான் கிடையாது. பெயரும் ஆசனமும் மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று விளங்கிக்கொள்ள அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் அரை நிமிஷம் எடுக்கவில்லை. சரியான உச்சரிப்பு கைவரும்பொருட்டு அன்று முழுநாளும் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள்.

"ஐயா, இண்டையோட முடியுது! நாலு அறையையும் பூட்டவேணும். நான் என்னத்தைத் தின்னுறது?" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாலேந்திரன் உதட்டில் விரலை வைத்தார். பிறகு கருணையோடு கையை அசைத்து, இன்னொரு நாள் வா என்று சைகை காட்டினார்.

ஸ்பானியக் கூட்டம் வேறு விடுதிக்குப் போனது. நான் அறைகளைப் பூட்டிவிட்டு வாசற்படியில் இருந்து அலுவலகத்தாரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஸுமைரா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊரெல்லாம் அப்போது ஸ்பானியப் பைத்தியம். மதிலுக்கு மதில் டியூஷன் விளம்பரம்.

"மிஸ், நீங்க கிழமைக் கிழமை கண்டிக்கு ஸ்பானிஷ் கிளாஸுக்குப் போறீங்க என்டு ஊரே சொல்லுது. எங்கட புள்ளைக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"நான் H வரைக்கும்தான் போனனான் ஸுமைரா."

"அதுக்கென்ன, இவ சின்னப் புள்ளதானே!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பூட்டின அறையொன்றைத் திறந்தேன். மாதம் முடியுமுன் நாலு அறையும் நிரம்பி, முற்றத்தில் தகரக் கொட்டில் போட வேண்டியதாயிற்று. அறை வாடகைக்கு விட லைசன் வேண்டும், தெரியாததைப் படிப்பிக்க ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. H-க்கு அப்புறம் என்ன என்றும் ஒரு தாய் தகப்பன் கேட்கவில்லை. சான்றிதழ் கலரில் வருமா என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் பாலேந்திரனே வீடு தேடி வந்தார். எழுத்து எல்லாவற்றையும் முடித்து, பரீட்சையில் விசேட சித்தியும் பெற்றுவிட்டாராம். ஒரு கையில் என் லைசன், மற்றக் கையில் பேத்தி.

"இந்தாங்கோ தங்கச்சி, கையெழுத்து வைச்சாச்சு. பேத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. சான்றிதழை மட்டும் கொஞ்சம் கெதியாத் தாங்கோ."

லைசனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரச் சோடி முதுகில் மூட்டையோடு கேற்றடியில் வந்து நின்றது. சட்டையில் ஸ்பெயின் கொடி. எட்டு மாதமாக நான் தவம் கிடந்த விருந்தாளிகள்! அறை இருக்கிறதா என்று கேட்டார்கள் போல. அறைகளுக்குள் பிள்ளைகள்.

நான் வாயைத் திறந்தேன். எழுத்து இருந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. பாலேந்திரனைப் பார்த்தேன். விசேட சித்தி பெற்றவர் வானத்தைப் பார்த்தார். மானத்தைக் காப்பாற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். "ஆ, பே, ஸே" என்று அவர்கள் ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். சோடி கை தட்டியது. பிறகு அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாகக் கேட்டது. கடைசியில் இருவரும் தோளைக் குலுக்கிவிட்டு இறக்கத்தில் நடந்து போனார்கள்.

"உச்சரிப்புப் போதாது" என்றார் பாலேந்திரன்.

"பாவம் மிஸ்" என்றாள் மகளைக் கூட்டிப்போக வந்திருந்த ஸுமைரா, போகிறவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டி. "இவ்வளவு வயசாகியும் எழுத்துத் தெரியாதுபோல. கூப்பிட்டு நம்மட கிளாஸுல சேத்துக்கோங்களேன்."