மயில்கழுத்துத் திருகாணி

சிரிப்பு வரும். கட்டாயம் வரும். கதிரையிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்கு வரும். ஆனால் இப்போதே வராது. ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டிருக்கும்போது நாம் பல்லைக் காட்டுவது பாவம். முதலில் முனாப் நடுங்கி முடிக்கட்டும். கொஞ்சம் பொறுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுக்கு டிக்கற் வெட்டுகிறவர் முனாப். ஆள் ஒல்லி. பலமான கச்சான் காற்றடித்தால் லோஞ்சுக்கு முன்னால் அவர் மூதூர் போய்ச் சேர்ந்துவிடுவார். அவரைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது இடது கையில் கிடக்கும் மணிக்கூடுதான். கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, இருட்டில் பூனைக்கண் மாதிரி ஒரு மினுக்கம். வெள்ளைக்காரன் டொக்யாட்டை விட்டுப் போனபோது, அங்கே ஸ்டோரில் வேலை செய்த அபூதாஹிருக்கு ஒரு நேவித் துரை கையிலிருந்து கழற்றிக் கொடுத்த மணிக்கூடு. அபூதாஹிருக்கு ஒரே மகள். பெயர் ஸாலிஹா. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

நிக்காஹ் முடிந்த கையோடு மாமா மருமகனுக்கு மணிக்கூட்டைக் கட்டிவிட்டுச் சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"மருமகன், மகளையும் தந்திருக்கன், மணிக்கூட்டையும் தந்திருக்கன். மகள் அழுதா எனக்குக் கேக்காது, வீடு தூரம். மணிக்கூடு நிண்டா எனக்குத் தெரிஞ்சிரும்."

தெரிந்துவிடும்தான். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் மகள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஸலாம் சொல்வார். உட்காருவார். நாடி பார்க்கும் பரிசாரி மாதிரி மருமகனின் மணிக்கட்டைப் பிடிப்பார். காதில் வைப்பார். கண்ணை மூடுவார். அவர் கண்ணைத் திறந்து "ம்" என்று சொல்லும்வரை முனாப் மூச்சு விடமாட்டார். மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். முனாப்தான் நின்றுபோயிருப்பார்.

போன வெள்ளிக்கிழமை மாமா கண்ணைத் திறந்தார். "ம்" வரவில்லை. மூக்கு சுருங்கியது.

"மருமகன், மணிக்கூட்டுப் பட்டி நாறுது."

"அது வேர்வை மாமா."

"வேர்வையா? நெத்தலிக் கருவாடு! வாற வெள்ளிக்கிழமை நான் வரக்குள்ள புதுப்பட்டி இருக்கணும். மணிக்கூட்டுல ஒரு கீறல் விழப்படாது."

முனாப் தலையாட்டினார். குசினிக்குள் நின்ற ஸாலிஹா அகப்பையோடு ஓடிவந்தாள்.

"எதுக்கு வாப்பா மாத்துற? பட்டி நல்லாத்தானே இருக்கு?"

முனாப் திகைத்துப்போனார். அந்தக் கையைச் சோற்றுச் சகனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே "அங்கால எடுங்க, லோஞ்சுக்குள்ள இருந்து தின்னுற மாதிரி இருக்கு" என்று கத்துகிறவள் இவள்தானே? சரி, பெண்சாதிக்குத் தன்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து உச்சி குளிர்ந்தார். பாவம்.

இனி அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல். வீடு ஸாலிஹாவுடையது, வாப்பா கொடுத்த சீதனம். அலுமாரி அவளுடையது. கட்டில், கோழி, கோழி போடுகிற முட்டை எல்லாம் அவளுடையவை. முனாப்புக்கென்று இருந்தது ஜன்னலோரம் கிடந்த ஒரு சாய்மனைக் கதிரை. துறைமுகக் காற்று நேரே வந்து நெஞ்சில் இறங்குகிற இடம். ஸாலிஹாவின் தையல் மெஷின் குசினிக்குப் பக்கத்து இருட்டறையில் கிடந்தது. "வெளிச்சமில்ல, ஊசி விரலுக்குள்ள போகுது, ஜன்னலடிக்கு மெஷினக் கொண்டுவாறன்" என்று அவள் கேட்காத நாளில்லை. முனாப் அசையவில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவர் புருசன். இந்த ஒரு விசயத்தில் மட்டும் ஆம்பிளை.

வியாழக்கிழமை காலை. பெருநாள் கிட்டிவிட்டது. சட்டை அளவெடுக்க ஸாலிஹா பக்கத்து வீட்டுப் பரீதாவிடம் போனாள். பரீதாவும் தையல் மெஷின்காரிதான். இரண்டு மெஷின்காரிகள் சேர்ந்தால் அளவெடுத்து முடிய அஸர் தொழுகை நேரமாகும். முனாப் மகத்தான முடிவொன்றை எடுத்தார்.

"கடைக்காரனுக்கு ஏன் குடுக்கணும்? நானே மாத்துவன்."

வாங்கி வைத்திருந்த புதுப்பட்டியை மேசையில் போட்டார். மெஷின் லாச்சிக்குள் கிடந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். இந்த மணிக்கூட்டின் பட்டி மற்ற மணிக்கூடுகள் மாதிரி ஸ்பிரிங் கம்பியில் நிற்பதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகாணி. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. மயில்கழுத்து நீலம். நேவிக்கென்றே செய்த இரும்பு என்று மாமா சொல்வார்.

பிஸ்மி சொல்லி முதலாவதில் கை வைத்தார். என்ன வருகை! தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி இறங்குகிற துரை மாதிரிச் சுழன்று சுழன்று வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது.

புதுப்பட்டியின் ஒரு முனையை வைத்து அதையே திரும்பப் பூட்டி, மணிக்கூட்டைத் திருப்பினார். இரண்டாவது கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. உப்புக்காற்றுப் பட்டிருக்கும் என்று நினைத்தார். ஒரு திருப்பு. திருகாணி அசையவில்லை, அதன் தலை அசைந்தது. இன்னொரு திருப்பு. தேத்தண்ணிக்குள் தோய்த்த பிஸ்கற் மாதிரித் தலை நெகிழ்ந்தது. கடைசித் திருப்பில் தலை ஒரு பக்கம் விழுந்தது, முண்டம் ஒரு பக்கம் விழுந்தது. ஜனாஸா தயார்.

"யா அல்லாஹ்!"

முனாப் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேவி இரும்பை உடைக்கிற பலமா எனக்கு? ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் மாமாவின் மூக்கு ஞாபகம் வந்தது. நாளைக்கு வெள்ளி!

ஓடினார். கடைத்தெரு மூலையில் இராசையாவின் பெட்டிக்கடை. ஊசி, பொத்தான், டோர்ச் பல்ப், சோடாமூடி திறக்கிற சாமான், எல்லாம் அங்கே கிடைக்கும். கப்பலில் நல்ல சாமான் வருவது நின்றுபோன காலம். இராசையா ஒரு ஜாம் போத்தலைக் குலுக்கினார். உள்ளே பொடித் திருகாணிகள் கலகலத்தன.

"இராசையாண்ணை, இதில சின்னன் ஒண்டு தாங்க. கெதியா!"

"என்ன தம்பி, உங்கட வீட்டில இதைப் பொரிச்சுத் தின்னுறியளோ? போன கிழமைதானே ஒண்டு போனது?"

சொன்னது முனாப்பின் காதில் விழுந்தது. மூளைக்குள் போக இடமில்லை. அங்கே மாமா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது உறுதியா இருக்குமோ அண்ணை?"

"தம்பி, பாக்கிறதுக்குத் திருகாணி மாதிரி இருக்கும். அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

உண்மையான வியாபாரி. வீட்டுக்கு வந்து பூட்டினால், முதலில் கொஞ்சம் இறங்கியது, பிறகு பந்தியில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. முனாப் பல்லைக் கடித்து அமத்தினார். டிக். இரண்டாவது ஜனாஸா.

முற்றத்துப் பக்கம் யாரோ செருப்பை இழுக்கிற சத்தம். பயத்தில் மூளை பறந்தது. மீன் பிடிக்கிற தங்கூசி நூலை எடுத்தார். ஓட்டைக்குள் விட்டுப் பட்டியை இழுத்து முடிந்தார். முடிச்சை மறைக்க வேண்டுமே? சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிள்ளி, உருட்டி, முடிச்சின்மேல் நகத்தால் அமத்தி, ஊசிமுனையால் நடுவில் ஒரு கோடும் கீறினார். தூரத்தில் நின்று பார்த்தால் திருகாணி. கிட்ட வந்தால் சிகரட்.

(இன்னும் சிரிக்க வேண்டாம். ஆளுக்கு வேர்த்து ஒழுகுகிறது.)

ஸாலிஹா உள்ளே வந்தாள். முனாப் இடது கையைச் சாரத்துக்குள் ஒளித்தார்.

"இஞ்சருங்க, கைக்கு என்ன?"

"சுளுக்கு புள்ள."

"அல்லாவே! பரீதா ராத்தா! இவருக்குக் கை சுளுக்கிட்டாம்!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பரீதாவின் குரல் வந்தது. லோஞ்சுக் கூவல் தோற்றுப்போகும்.

"எண்ணெயப் பூசி இழு புள்ள! எலும்பு சத்தம் போடுற வரைக்கும் இழு!"

ஸாலிஹா சாரத்துக்குள் கையை விடப் போனாள். முனாப் பதறினார்.

"அந்தக் கை இல்ல! இந்தக் கை!"

ஒரு குறையும் இல்லாத வலது கையை நீட்டினார். ஸாலிஹா எண்ணெய் பூசினாள். காலைச் சுவரில் ஊன்றினாள். இழுத்தாள்.

"சத்தம் வந்ததா புள்ள?"

"இல்ல ராத்தா!"

"அப்ப இன்னும் இழு!"

"வந்திட்டு! சத்தம் வந்திட்டு!" என்று முனாப் அலறினார். வந்தது எலும்பின் சத்தமில்லை என்பது வேலிக்கு அப்பாலும் தெரிந்தது.

ஸாலிஹா கையை விட்டாள். "வலது கை சுளுக்கினா இடது கைய ஏன் ஒளிக்கிறீங்க?"

முனாப் கையை வெளியே எடுத்தார். குரல் நூலாகிப்போனது.

"புள்ள, வாப்பாக்கிட்டச் சொல்லிராத. மணிக்கூட்டு ஆணி உடைஞ்சு போச்சு."

ஸாலிஹாவின் முகம் வெளுத்தது.

"எந்தப் பக்கத்து ஆணி?"

"இந்தப் பக்கம்."

"எப்பிடி உடைஞ்ச?"

"நான்தான் உடைச்சனான். என்ட கைப்பலம்."

வெளுத்த முகத்தில் மெதுவாக நிறம் ஏறியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று முனாப் நினைத்தார்.

"அழாத புள்ள."

"வெள்ளைக்காரன்ட ஆணிய உடைச்சிட்டீங்களே! வாப்பா அறிஞ்சா மவுத்தாப் போயிருவாரே!"

"நீ சமாளிப்பாய்தானே?"

"எனக்கு என்ன சமாளிக்க ஏலும்? அந்த இருட்டறைக்குள்ள கிடந்து எனக்குத் தலை வேலை செய்யுதில்ல. ஜன்னலடியில கொஞ்சம் காத்துப்பட இருந்தா ஒரு வழி தோணும்."

முனாப் தன் கதிரையைப் பார்த்தார். கதிரை அவரைப் பார்த்தது.

"அப்ப கதிரை?"

"கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல நல்ல இடம். பேச்சுத் துணையும் இருக்கு."

"சரி. மாமா போனதும் மெஷினத் தூக்கி வைக்கிறன்."

"வாக்கு மாறப்படாது. நான் வாப்பாவப் பாத்துக்கிறன்."

வெள்ளி வந்தது. ஜும்ஆவில் முனாப் கேட்ட துஆவையெல்லாம் திருகாணிக்காகக் கேட்டார். மாமா வந்தார். ஸலாம் சொன்னார். உட்கார்ந்தார். கையை நீட்டினார். முனாப் மணிக்கட்டைக் கொடுத்தார். மாமா காதில் வைத்தார். கண்ணை மூடினார். வெள்ளித்தாளின் ஒரு ஓரம் வேர்வையில் மெல்ல எழும்பியது.

"வாப்பா, சோறும் ஆணமும் ஆறுது!" என்று ஸாலிஹா கூப்பிட்டாள்.

"பொறு புள்ள."

மாமா கண்ணாடியை எடுத்து மாட்டினார். பட்டியை மணந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு ஒரு விரல் வெள்ளித்தாளுக்குக் கிட்டப் போனது. போனது. நின்றது. முனாப்புக்குக் கலிமா தானாக வாயில் வந்தது.

"மருமகன்!"

"மா... மாமா?"

"இஞ்ச பாருங்க. எத்தின வருசம்! எப்பிடி மினுங்குது! இதுதான் வெள்ளைக்காரன்ட இரும்பு!"

மாமா மணிக்கட்டைத் திருப்பினார். மற்றப் பக்கத்து நீலத் திருகாணியைப் பார்த்தார். மூக்கு சுருங்கியது.

"இது என்ன கறுத்து நீலம் பாரிச்சுக் கிடக்கு? இது ஒறிஜினல் இல்ல. ஆரோ கள்ள ஆணி போட்டிருக்கான். இதக் கழட்டி எறிஞ்சிருங்க."

குசினிக்குள் ஸாலிஹாவுக்கு இருமல் பிடித்தது. அப்படி ஒரு இருமல். தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

மாமா வயிறாறச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முனாப்புக்கு மறுபடியும் பிறந்த மாதிரி இருந்தது. பாட்டு ஒன்று முணுமுணுத்தபடி கதிரையைத் தூக்கிக் கோழிக்கூட்டடியில் போட்டார். ஒரு கோழி உடனே அதில் ஏறி உட்கார்ந்தது. பிறகு, நேற்று இழுபட்ட வலது கை நோக நோக, தையல் மெஷினைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுவந்தார். இறக்கும்போது மெஷின் ஒரு பக்கம் சரிந்தது. ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டு மூடி விலகி, நூல் சுற்றுகிற பொபின் கூடு அவருடைய காலில் விழுந்தது.

குனிந்து எடுத்தார். ஊதினார். துடைத்தார். துடைத்த கை நின்றது.

பொபின் கூட்டின் முதுகில் நூலை இறுக்கிப் பிடிக்கிற ஒரு திருகாணி. கடுகில் பாதி. மயில்கழுத்து நீலம்.

முனாப் மணிக்கட்டைப் பார்த்தார். பொபின் கூட்டைப் பார்த்தார். திரும்ப மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டும் கூடப்பிறந்தவை. "பட்டி நல்லாத்தானே இருக்கு?" என்று அகப்பையோடு ஓடிவந்த முகம் கண்முன்னே வந்தது. இராசையா சொன்னது இப்போதுதான் மெதுவாக நடந்து மூளைக்கு வந்து சேர்ந்தது: போன கிழமைதானே ஒண்டு போனது? இவர் வீட்டிலிருந்து போன கிழமை இராசையா கடைக்குப் போன ஒரே ஆள், இதோ முன்னால் இருக்கிறாள்.

இனிச் சிரிக்கலாம். முனாப்பைத் தவிர எல்லாரும்.

"புள்ள..."

ஸாலிஹா ஜன்னல் காற்றில் கண்ணைப் பாதி மூடி, நூல் நுனியைக் கடித்து ஊசியில் கோர்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டிப் பொபின் கூட்டை வாங்கினாள்.

"ஓம், அதேதான். கையில கிடக்கிற மத்ததையும் கழட்டித் தாங்க. வாப்பாவே எறியச் சொல்லிட்டார். பரீதா ராத்தாட மெஷினுக்கும் ஒண்டு வேணுமாம்."